எதிர்மறைத் தேர்தல் விளம்பரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து ஓட்டுப்பதிவு வரை ஒரு கட்சி இன்னொரு கட்சியைத் தாக்கி வெளியிடும் போஸ்டர், பத்திரிகை விளம்பரம், வீடியோ, வாட்ஸ்அப் ஃபார்வர்டு பற்றி வாக்காளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த வகை விளம்பரம் பெரிய அளவில் வளர்ந்ததும் அதிகம் ஆராயப்பட்டதும் அமெரிக்காவில் என்பதால் அங்கிருந்து சில உதாரணங்களை எடுத்திருக்கிறேன். சட்டம் என்று வரும்போது பெரும்பாலும் நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எதிர்மறை விளம்பரம் என்று எதைச் சொல்கிறோம்?

"எனக்கு ஓட்டுப் போடுங்கள், இதையெல்லாம் செய்வேன்" என்றால் நேர்மறை விளம்பரம். "அவருக்குப் போடாதீர்கள், காரணம் இதுதான்" என்றால் எதிர்மறை விளம்பரம். தாக்கப்படுவது எதிராளியின் ஆட்சியாக இருக்கலாம், கொள்கையாக இருக்கலாம், அவருடைய குடும்பமாகவோ சாதியாகவோ உடலாகவோகூட இருக்கலாம். இத்தனையையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இதைப் பற்றிய பேச்சு எப்போதும் குழம்பிப்போகிறது.

1967 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். "காமராஜர் அண்ணாச்சி, கடலைப்பருப்பு விலை என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?" என்று தி.மு.க. தெருத்தெருவாக முழங்கியது. முழுக்க முழுக்க எதிர்மறைப் பிரசாரம்தான் அது. அரிசிக்குத் திண்டாடிக்கொண்டிருந்த மக்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கேட்டது யார், கேட்கப்பட்டது யார், கேள்வி என்ன என்று மூன்றுமே வெளிப்படையாக இருந்தன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபமும் சேர்ந்துகொள்ள, விருதுநகரில் காமராஜரும் ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார்கள்.

எதிராளியைக் குறை சொல்லி ஓட்டுக் கேட்பதே அநாகரிகம் இல்லையா?

இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆளும் கட்சியின் சாதனைகளைச் சொல்ல அரசு விளம்பரங்கள் ஐந்து வருடமும் இருக்கின்றன. கட்டாத பாலத்தையும் நிரப்பாத பணியிடங்களையும் பற்றி எதிர்க்கட்சிதான் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் தேர்தல் வெறும் வாழ்த்துமடல் பரிமாற்றமாகிவிடும்.

அமெரிக்காவில் ஜான் கியர் என்ற அரசியல் அறிஞர் 1960 முதலான அதிபர் தேர்தல் விளம்பரங்களை ஆராய்ந்தபோது, பாராட்டு விளம்பரங்களைவிடத் தாக்குதல் விளம்பரங்களில்தான் கொள்கை விஷயமும் ஆதாரமும் அதிகம் இருப்பதாகக் கண்டார். யோசித்தால் இதில் வியப்பில்லை. "நான் நேர்மையானவன்" என்று சொல்ல யாரும் ஆதாரம் கேட்பதில்லை. "அவர் நேர்மையில்லாதவர்" என்று சொன்னால் உடனே கேட்பார்கள்.

நம் தேர்தல் நடத்தை விதிகளும் விமர்சனத்தைத் தடுக்கவில்லை. மற்றக் கட்சிகளின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு விமர்சனம் நிற்க வேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையைத் தொடக்கூடாது, உறுதி செய்யாத குற்றச்சாட்டுகளைப் பரப்பக்கூடாது என்றுதான் சொல்கின்றன. நான் இதோடு ஒரு நிபந்தனை சேர்ப்பேன். சொல்கிறவர் பெயரோடு வந்து சொல்ல வேண்டும். கீழே வரும் கதைகளில் நடந்த கெடுதல் அநேகமாக எல்லாமே அந்த ஒரு இடத்தில் ஏற்பட்ட ஓட்டை வழியாகத்தான் நடந்தது.

1964-ல் வந்த 'டெய்சி' விளம்பரத்தை ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனுக்காக எடுக்கப்பட்ட ஒரு நிமிட டிவி விளம்பரம் அது. புல்வெளியில் ஒரு சின்னப் பெண் கையில் பூவை வைத்துக்கொண்டு இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். எண்ணிக்கையில் தப்புத்தப்பாகத் தடுமாறுகிறாள். ஒன்பதுக்கு வரும்போது ஒரு கனத்த ஆண் குரல், ராக்கெட் ஏவும்போது எண்ணுவதுபோலப் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறது. குழந்தை நிமிர்ந்து பார்க்கிறாள். காட்சி உறைந்து, கேமரா அவள் கண்ணின் கருமணிக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. பூஜ்யம் வந்ததும் அணுகுண்டு வெடித்து எழும் காளான் மேகம். அதன்மேல் ஜான்சனின் குரல். ஓட்டுப் போட வாருங்கள் என்ற வேண்டுகோளோடு முடிகிறது.

எதிர்த்துப் போட்டியிட்ட பேரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. தேவையும் இல்லை. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவைப் போர்க்களத் தளபதிகளிடம் விடலாம் என்ற ரீதியில் அவர் பேசியதைப் பார்வையாளர்கள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். விளம்பரம் அவர்கள் மனதில் இருந்த பயத்தைத் தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை, 1964 செப்டம்பர் 7 அன்று, என்.பி.சி. தொலைக்காட்சியில். எதிர்க்கட்சியினர் கொதித்ததும் செய்தி நிகழ்ச்சிகள் அதைத் திரும்பப் போட்டுக் காட்டின. கண்டனமே இலவச ஒளிபரப்பாக மாறியது. இன்று ஒரு வீடியோவைத் திட்டி நாம் பகிரும்போது நடப்பதும் இதேதான். ஜான்சன் 44 மாநிலங்களில் வென்றார். ஆனால் அதை இந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதக் கூடாது. அதற்கு முன்பே அவர் வெகுதூரம் முன்னணியில் இருந்தார்.

வில்லி ஹார்ட்டன் விவகாரம் என்ன?

சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய கதை இது. 1988 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸை எதிர்த்து நின்றார். ஜூலையில் டுகாகிஸ் கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னே இருந்தார். அந்த மாநிலத்தில் கைதிகளுக்கு வார இறுதியில் பரோல் போன்ற ஒரு குறுகிய விடுப்பு கொடுக்கும் திட்டம் இருந்தது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற ஹார்ட்டன் 1986-ல் அப்படி வெளியே வந்து தப்பினார். அடுத்த ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து ஓர் இளைஞரைத் தாக்கி, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தார். நடந்தது உண்மை. கொடூரமான உண்மை.

இதை வைத்து இரண்டு விளம்பரங்கள் வந்தன. முதலாவதில் ஹார்ட்டனின் முகம் திரை முழுக்க இருந்தது. அவர் கறுப்பினத்தவர். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததில் வெள்ளையரிடம் இருந்த இன அச்சத்தைக் கிளறும் நோக்கம் இருந்தது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை தொடர்கிறது. இதை வெளியிட்டது புஷ்ஷின் பிரசாரக் குழு இல்லை, தனியாக இயங்கிய ஓர் ஆதரவு அமைப்பு. "எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று புஷ் தரப்பு சொல்லிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அதிகாரப்பூர்வ விளம்பரம் வந்தது. அதில் ஹார்ட்டன் பெயரும் இல்லை, முகமும் இல்லை. கைதிகள் வரிசையாகச் சுழல்கதவு வழியே உள்ளே போய் வெளியே வரும் கறுப்பு வெள்ளைக் காட்சி மட்டும். பார்த்தவர்கள் இரண்டையும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பழி ஓரிடத்தில், பலன் வேறிடத்தில்.

அந்தச் சுழல்கதவு விளம்பரத்தைக் கூர்ந்து கவனியுங்கள். பரோலே கிடையாத கொலைக் குற்றவாளிகளுக்கு விடுப்பு கொடுத்தார் என்று குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "268 பேர் தப்பினார்கள்" என்ற எழுத்து திரையில் வருகிறது. 268 கொலைகாரர்கள் ஊருக்குள் திரிவதாகத்தான் எவரும் புரிந்துகொள்வார்கள். உண்மையில் அது பத்தாண்டுகளில் எல்லா வகைக் கைதிகளையும் சேர்த்த கணக்கு. அவர்களில் அத்தகைய கொலைக் குற்றவாளிகள் நான்கு பேர் மட்டுமே. குரலும் உண்மை, எழுத்தும் உண்மை, இரண்டும் சேர்ந்தால் பொய். இந்த உத்தியை நம் ஊர் வீடியோக்களிலும் தினமும் பார்க்கலாம்.

டுகாகிஸிடம் கேட்கவே கூடாத கேள்வி இது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திட்டத்தைத் தொடங்கியது அவருக்கு முந்தைய குடியரசுக் கட்சி ஆளுநர்தான் என்றாலும், கொலைக் குற்றவாளிகளுக்கு விடுப்பைத் தடை செய்யும் மசோதாவை 1976-ல் ரத்து செய்தவர் டுகாகிஸ். நேராகக் கேட்டிருக்கலாம். புஷ்ஷின் பிரசாரத் தளபதி லீ அட்வாட்டர் மூளைக் கட்டியோடு மரணப் படுக்கையில் இருந்தபோது, அந்தத் தேர்தலில் டுகாகிஸிடம் காட்டிய குரூரத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.

தாக்குதலுக்குப் பதில் சொல்லாமல் கடந்துபோவது நல்லதா?

2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி அப்படித்தான் நினைத்தார். வியட்நாம் போரில் வீரப் பதக்கங்கள் வாங்கியவர் அவர். 'ஸ்விஃப்ட் போட்' படகுகளில் பணியாற்றிய முன்னாள் வீரர்கள் சிலர் அமைப்பாகச் சேர்ந்து, அவர் பதக்கம் பெற்ற கதையே பொய் என்று விளம்பரம் வெளியிட்டார்கள். கடற்படை ஆவணங்களும், அவர் படகிலேயே உடனிருந்தவர்களில் பெரும்பாலோரின் சாட்சியமும் கெர்ரி பக்கம் இருந்தன. மூன்று மாநிலங்களில் சிறிய செலவில் வெளியான விளம்பரத்தைச் செய்தி சேனல்கள் நாடெங்கும் கொண்டுபோனபோதும் அவர் சுமார் இரண்டு வாரம் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அதற்குள் அது நிலைத்துவிட்டது. நிரூபிக்கக்கூடிய பொய்க்கு அன்றைக்கே, ஆதாரத்தோடு, சுருக்கமாகப் பதில் சொல்லிவிட வேண்டும்.

அவதூறு விளம்பரம் உண்மையிலேயே ஓட்டு வாங்கித் தருமா?

கட்சிக்காரர்கள் நம்புகிற அளவுக்கு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான ஒரு மதிப்பீடு, எதிர்மறை விளம்பரம் மனதில் நன்றாகப் பதிகிறது, ஆனால் வெளியிட்டவருக்குக் கூடுதல் ஓட்டு வாங்கித் தருவதாகத் தெரியவில்லை என்றது. தாக்கப்பட்டவர் மேல் மதிப்பு சற்றுக் குறையும்போது தாக்கியவர் மேலும் வெறுப்பு வருகிறது. ஓட்டுப்பதிவு சதவீதம் இதனால் சரிகிறது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

சில சமயம் திருப்பி அடிக்கும். கனடாவில் 1993-ல் ஆளும் முற்போக்குப் பழமைவாதக் கட்சி, எதிர்க்கட்சித் தலைவர் ழான் கிரெத்தியனின் முகத்தை நெருக்கத்தில் காட்டி, இவர் பிரதமராவதா என்று கேட்கும் விளம்பரத்தை வெளியிட்டது. சிறுவயதில் வந்த நோயால் அவருடைய வாய் ஒருபுறம் கோணியிருக்கும். நாடே முகம் சுளித்தது. சொந்தக் கட்சி வேட்பாளர்களே எதிர்த்தார்கள். விளம்பரத்தைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. கடவுள் தனக்குக் கொடுத்த குறை அது என்று கிரெத்தியன் அமைதியாகப் பேசியது மக்களைத் தொட்டது. ஆளும் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இடம். பொருளாதார மந்தமும் கட்சிப் பிளவும் ஏற்கெனவே அதைச் சாய்த்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 1971. அந்த ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தில் ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது. ஊர்வலம் நடத்தியது தி.க. என்றாலும் பழியைத் தி.மு.க. மேல் ஏற்றி எதிரணி கடுமையாகப் பிரசாரம் செய்தது. எதிரணியில் காமராஜரும் ராஜாஜியும் கைகோத்திருந்தார்கள். மார்ச்சில் முடிவு வந்தபோது 234-ல் 184 இடங்கள் தி.மு.க.வுக்கு. வாக்காளர் அந்தத் தேர்தலில் எடைபோட்டது வேறு விஷயங்களை.

விளம்பரத்தின் கடைசியில் வேட்பாளரே "இதை நான் அங்கீகரிக்கிறேன்" என்று சொல்வது எதற்காக?

அமெரிக்காவில் 2002-ல் வந்த சட்டத்தின் கட்டாயம் அது. நாடாளுமன்ற, அதிபர் வேட்பாளர்களின் ரேடியோ, டிவி விளம்பரங்களில் அவர்கள் சொந்தக் குரலில் பொறுப்பேற்க வேண்டும். சேற்றை வாரி இறைத்துவிட்டு முகத்தை மறைத்துக்கொள்ள முடியாது என்பது நோக்கம். அருமையான யோசனை. ஆனால் 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில், வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவு செய்யும் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் வரம்பு விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகு கடுமையான தாக்குதல்களை வெளி அமைப்புகளிடம் விட்டுவிட்டு வேட்பாளர் புன்னகையோடு நிற்பது வழக்கமாகிவிட்டது. வேட்பாளர் தரும் விளம்பரத்தில் பொய் இருந்தாலும் அங்கே ரேடியோ, டிவி நிலையங்கள் அதைத் தணிக்கை செய்யவும் முடியாது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ல் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று 127ஏ. தேர்தல் போஸ்டர், நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் தன் அடையாளத்தை உறுதிசெய்யும் அறிக்கையில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேரின் சான்றோடு அச்சகத்தில் தர வேண்டும். அச்சகக்காரர் அதையும் போஸ்டரின் ஒரு பிரதியையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். மாநிலத் தலைநகரில் அச்சடித்தால் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தால் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டப்படும் மொட்டை போஸ்டரில் அது இருக்காது. மோசமான வசவுகள் அநேகமாக அதில்தான் இருக்கும்.

இரண்டாவது 123(4). வேட்பாளரின் தனிப்பட்ட குணம், நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று நம்பாமலோ, அவருடைய வெற்றியைப் பாதிக்கும்படி ஒரு செய்தியை வெளியிடுவது ஊழல் நடவடிக்கை. வேட்பாளரோ அவருடைய முகவரோ செய்தால், அல்லது வேட்பாளர் சம்மதத்தோடு வேறு யாராவது செய்தால் இது பொருந்தும். 'சம்மதத்தோடு' என்ற அந்தச் சொல்லில்தான் பலரும் தப்பிக்கிறார்கள். "என் ஆதரவாளர் தானாகச் செய்தது" என்று சொல்லிவிட்டால் சம்மதத்தை நிரூபிக்கும் சுமை வழக்குப் போட்டவர் தலையில். 1988-ல் புஷ் தரப்பு சொன்ன அதே பதில்தான்.

பணத்திலும் இதே ஓட்டை உண்டு. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, கட்சியின் பொதுப் பிரசாரச் செலவுக்கு இல்லை.

டிவி விளம்பரங்களை யாராவது முன்கூட்டியே பார்க்கிறார்களா?

ஆமாம். 2004-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி டிவி, கேபிளில் வரும் அரசியல் விளம்பரத்துக்கு முன்அனுமதி வேண்டும். இப்போது அதை ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு தருகிறது. 2013 முதல் சமூக ஊடக விளம்பரங்களுக்கும் இது பொருந்தும். 2017 குஜராத் தேர்தலில் ஒரு பா.ஜ.க. விளம்பரத்தில், ராகுல் காந்தியைக் கிண்டல் செய்யப் பயன்படும் 'பப்பு' என்ற சொல்லை அனுமதிக்க முடியாது என்று குழு சொல்ல, கட்சி அதை மாற்றிக்கொண்டது.

ஆனால் பத்திரிகை விளம்பரத்துக்கு ஓட்டுப்பதிவு நாளிலும் முந்தைய நாளிலும் மட்டும்தான் முன்அனுமதி தேவை. 2024 மக்களவைத் தேர்தலில் திரிணமூல் காங்கிரஸை எதிர்த்து பா.ஜ.க. வெளியிட்ட சில பத்திரிகை விளம்பரங்களுக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் மே 20 அன்று தடை விதித்தது. புகார்கள் மேல் உரிய நேரத்தில் தேர்தல் ஆணையம் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் கண்டித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், விளம்பரங்கள் மேலோட்டமாகப் பார்த்தாலே இழிவுபடுத்துபவையாக இருக்கின்றன என்று கூறித் தலையிட மறுத்தது. அதற்குள் ஏழு கட்டத் தேர்தலில் ஆறு முடிந்திருந்தது.

சோப்பு விளம்பரம் பொய் சொன்னால் புகார் செய்யலாமே, கட்சி விளம்பரத்துக்கு அந்த வழி இல்லையா?

இல்லை. வணிக விளம்பரங்களைக் கவனிக்கும் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் அரசியல் விளம்பரங்களைத் தொடுவதில்லை. எது அரசியல் உண்மை என்று ஒரு குழு தீர்மானிக்கத் தொடங்கினால் அதுவே ஆபத்து என்பதால் பல நாடுகளில் இப்படித்தான்.

ஏஐ வந்த பிறகு எது மாறியிருக்கிறது?

போலிப் படம் புதிதில்லை. பிரிட்டனில் 1978-ல் மார்கரெட் தாட்சரின் கட்சி வெளியிட்ட புகழ்பெற்ற போஸ்டரில், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் முன் வளைந்து நீளும் வேலையில்லாதோர் வரிசை இருந்தது. நின்றவர்கள் கட்சியின் இளைஞர் அணித் தொண்டர்கள். எதிர்பார்த்த அளவு ஆள் வராததால், வந்தவர்களையே இடம் மாற்றி நிறுத்திப் படமெடுத்து ஒட்டி வரிசையை நீட்டினார்கள்.

புதிதாக வந்திருப்பது வேகமும் மலிவும், எதிராளியின் சொந்தக் குரலிலேயே அவரைப் பேசவைக்கும் வசதியும். 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம் என்று அதிபர் பைடன் குரலில் ஃபோன் வந்தது. குரல் போலி. ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். இங்கே தேர்தல் ஆணையம் 2024 மே மாதம், இத்தகைய போலிப் பதிவுகள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டதை மூன்று மணி நேரத்தில் யார் நீக்க முடியும்?

எனக்கு வந்த விளம்பரத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் வந்தது என்றால் மெட்டாவின் 'ஆட் லைப்ரரி'யில் தேடுங்கள். யூடியூபில் வந்தது என்றால் கூகுளின் 'ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்'. அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர், சுமாரான செலவு, எந்த மாநிலத்தில் காட்டப்பட்டது என்ற விவரங்கள் அங்கே கிடைக்கும். பெயருக்கு நேரே கட்சியும் இல்லாமல், வேட்பாளரும் இல்லாமல், கேள்விப்படாத ஒரு பக்கம் இருந்தால் அது வேறு என்னென்ன விளம்பரம் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். பத்து விளம்பரமும் ஒரே தலைவரைத் திட்டினால் யாருக்காக என்பது புரிந்துவிடும். காசு கொடுக்காமல் பரப்பப்படும் ரீல்ஸும் ஃபார்வர்டும் இந்தக் கணக்கில் வராது.

புகார் செய்வது எப்படி?

தேர்தல் அறிவித்த பிறகு என்றால் தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலி. அந்த இடத்தில் நின்று செயலியிலேயே படம் அல்லது வீடியோ எடுக்க வேண்டும். கேலரியில் இருப்பதை ஏற்றாது. உங்கள் பெயரைச் சொல்லாமலும் புகார் செய்யலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை நிலவரம் சொல்வது இலக்கு. வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு தேர்தல் நடத்தும் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 1950 என்ற எண்ணில் கூப்பிட்டு வழி கேட்கலாம். அச்சிட்டவர் பெயரில்லாத போஸ்டர் என்றால் மனுவில் 127ஏ பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

முடிவு வந்த பிறகு ஒரு வழிதான் உண்டு. வென்றவர் தரப்பு 123(4)-ஐ மீறியது என்று தோற்ற வேட்பாளரோ, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவருமோ உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். வெற்றி அறிவித்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் போட வேண்டும். நிரூபணமானால் வெற்றி செல்லாது, ஆறு ஆண்டு வரை போட்டியிடத் தடையும் வரலாம். பொய் வெளியான அன்றே போஸ்டரையோ வீடியோவையோ தேதியோடு பத்திரப்படுத்தி, யார் வெளியிட்டது என்பதற்குச் சாட்சி சேர்த்து வைத்திருந்தால்தான் மனு நிற்கும்.